பதற்றம் வரும்போது முதலில் எந்தப் பாட்டு?

மனசு படபடத்தால் நீலாம்பரி போட்டுக் கேள் என்று சொல்லாத ஆள் கிடையாது. நீலாம்பரி தாலாட்டு ராகம்தான். ஆனால் நெஞ்சு நிமிடத்துக்கு நூறைத் தாண்டி அடிக்கும்போது அது காதில் விழுமே தவிர உள்ளே இறங்காது, எரிச்சல்தான் வரும். இசைச் சிகிச்சையில் தொடக்கமே வேறு. கேட்பவர் இப்போது இருக்கும் நிலைக்குப் பொருந்தும் இசையை முதலில் போட்டு, அங்கிருந்து மெல்ல மெல்ல இறக்குவார்கள். ஐரா ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1940-களில் இதை ‘ஐசோ’ விதி என்றார்.

அப்படியானால் இப்போது என்ன நிலை என்று முதலில் தெரியவேண்டும். அதற்கு நான் சிபாரிசு செய்வது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதை (மெய்ப்பாடு) சொல்லும் பகுதி. நகை, அழுகை என்று தொடங்கும் எட்டு மெய்ப்பாடுகளும் பரீட்சைக்குப் படித்ததுதான். அதில் அச்சத்துக்குச் சொல்லும் நிலைக்களன் (அது பிறக்கும் இடம்) நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). (கடைசி ஆளை மேலதிகாரி என்று வைத்துக்கொண்டாலும் பொருந்தும்.) பதற்றத்துக்கோ பல நேரம் இப்படிக் கைகாட்ட எதுவும் இருக்காது. ஆகவே அங்கே நிற்காமல், அடுத்து வரும் 32 மெய்ப்பாடுகளுக்குப் போங்கள். விரைவு, வியர்த்தல், நடுக்கு, வெரூஉதல், ஐயம், உயிர்ப்பு, கையாறு, இடுக்கண், மடிமை, துஞ்சல், பொறாமை எல்லாம் அங்கே இருக்கின்றன. உயிர்ப்பு என்பது பெருமூச்சு, வெரூஉதல் என்பது திடுக்கிடல், கையாறு என்பது செயலற்றுப் போவது, மடிமை என்பது சோம்பல், துஞ்சல் என்பது தூக்கம். இளம்பூரணர் உரையையோ பேராசிரியர் உரையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டால் மீதியும் விளங்கும்.

அந்த 32-ஐயும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பதற்றம் வரும்போது மூன்றை மட்டும் வட்டமிடுங்கள். மூன்றுக்கு மேல் போனால் யோசனை வளர்ந்துகொண்டே போகும். ‘ஆராய்ச்சி’யும் அந்தப் பட்டியலில் ஒன்று என்பதை மறக்கவேண்டாம்.

வட்டமிட்டது விரைவு, வியர்த்தல், நடுக்கு என்றால் அரைமணி நேரத்துக்கு இப்படி அடுக்கலாம். முதல் 8 நிமிடம் துரித காலம் (வேகமான நடை): சாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் மல்லாரியோ, வாத்தியத்தில் ஒரு தில்லானாவோ. சொல் வேண்டாம், சொல் இருந்தால் நினைப்பு அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். அடுத்த 10 நிமிடம் மத்திம காலம் (நடுத்தர வேகம்). கடைசி 12 நிமிடம் சௌக்கம் (மெதுவான நடை). நீலாம்பரிக்கு இங்கேதான் இடம். மாறாக, வட்டமிட்டது கையாறு, மடிமை, துஞ்சல் என்றால் வரிசையைத் திருப்புங்கள்: தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையில் தொடங்கி மத்திம காலம் வரை ஏறினால் போதும்.

சௌக்கப் பகுதியில் ஆதி தாளத்தை மூச்சோடு சேர்க்கலாம். அதன் ஒரு சுற்றான எட்டு அட்சரம் (எண்ணிக்கை) 10 விநாடியில் முடியவேண்டும், அதாவது மெட்ரோனோம் என்ற வேகம் காட்டும் கருவியில் நிமிடத்துக்கு 48. கொட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்: இந்த நான்கில் மூச்சை இழுங்கள். கொட்டு, வீச்சு (கையைத் திருப்புவது), கொட்டு, வீச்சு: இந்த நான்கில் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகிவிடும். விரல் எண்ணிக்கொண்டிருப்பதால் மனசுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. ஒவ்வொரு அட்சரத்தையும் இரண்டு முறை எண்ணும் இரண்டு களைப் பாட்டில் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) இதைவிட நீளும், அங்கே பாதி ஆவர்த்தனத்துக்கு ஒரு மூச்சு. மூச்சு மெதுவாக இருக்கட்டும், பெரிதாக வேண்டாம். ஆழமாக இழுத்து இழுத்து விட்டால் உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும். அதையே புதுப் பதற்றம் என்று நினைத்துக்கொள்வோம்.

கெடுப்பவை பெரும்பாலும் சில்லறை விஷயங்கள். இலவசச் செயலியில் நடுவே அலறும் விளம்பரம், கச்சேரிப் பதிவில் திடீர் கைதட்டல், சௌக்கம் என்று நம்பிப் போட்ட பாட்டில் வந்து நிற்கும் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் போன்றவற்றின் தனி வாசிப்பு). பாட்டுகளை முன்பே இறக்கி, ஒருமுறை முழுசாகக் கேட்டு, வரிசையைப் பூட்டிவிடுங்கள்.

இந்த ராகத்துக்கு இந்த உணர்ச்சி என்று சுற்றும் அட்டவணைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். முகாரி என்றால் ஒப்பாரி என்பார்கள். தியாகராஜரோ சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று வியக்கும் ‘எந்தனினே’யை முகாரியில்தான் பாடினார். சோகப் பாட்டு சிலருக்கு இதம்; ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப அரைப்பவர்களுக்கு அது புண்ணைக் கிளறும். பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் அதையே போடத் தோன்றினால் நீங்கள் இரண்டாம் வகை.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, உயிரை விடத் தோன்றுகிறது என்றால் இது எதுவும் போதாது. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம்.

வட்டமிட்ட தாள்களில் தேதியும் நேரமும் மட்டும் குறித்து வைத்திருங்கள், கதை எழுதவேண்டாம். ஒரு மாதத் தாளை வரிசையாகப் பரப்பினால், பயம் என்று நினைத்திருந்த மாலைகளில் வட்டம் விழுந்திருப்பது ‘பொறாமை’யிலோ ‘ஐய’த்திலோ இருக்கலாம். அந்த மாலைகளுக்குப் பாட்டைத் தேடுவதைவிட, அன்று பகலில் யாரிடம் பேசினோம், ஃபோனில் எதைப் பார்த்தோம் என்று தேடுவது பலன் தரும்.