பற்பசைக்குள் நம்ம ஊர் பாசி

பற்பசை வாங்கும்போது பின்பக்கம் 'கராஜீனன்' என்று போட்டிருக்கா பாருங்க. எல்லாத்திலும் இருக்காது, சிலதில் இருக்கும். மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிறாங்களே பெப்சி பாசி, அந்த மாதிரி சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கிறதுதான் அது.

பற்பசையில் பல்லைத் தேய்க்கச் சேர்க்கிற சிலிக்கா பொடியையும் தண்ணீரையும் சும்மா கலந்து வைத்தால் பொடி அடியில் தங்கிவிடும். கராஜீனனின் நீளமான மூலக்கூறுகள் வலை மாதிரி பின்னிக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். டியூப்பைப் பிதுக்கினால் அந்தப் பின்னல் தளர்ந்து பசை வெளியே வரும். பிரஷ்ஷில் விழுந்ததும் திரும்பப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் வழியாமல் நிற்கிறது! கராஜீனன் எடுக்கப் பாசியைக் காரக் கரைசலில் சூடாக்கும்போது, அதன் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் சல்பேட்டில் (கந்தகம் சேர்ந்த பகுதி) கொஞ்சம் கழன்றுபோய் ஜெல் இன்னும் இறுகும். எவ்வளவு அழகான வேலை.

மிதவையில் துண்டு துண்டாகக் கட்டிவிட்டு 45 நாள் வாக்கில் அறுக்கிறாங்க. பத்து கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் சுமார் ஒரு கிலோ. காயும்போது மழை பிடித்தால் தரம் போச்சு.

கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த மதினியிடம் இந்தப் பற்பசைக் கதையைச் சொன்னேன். "அப்ப நாம வளத்தத நாமளே காசு குடுத்து வாங்குறமா?" என்றார்.

நியாயமான கேள்வி. பிரித்தெடுக்கும் ஆலைகள் இந்தக் கரையிலேயே நிறைய வரணும். பக்கத்துக் குருசடைத் தீவில் பவளப்பாறையை மூடிப் பரவின மாதிரி இந்தப் பாசி இன்னும் பரவாமலும் பார்த்துக்கணும். கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற நம்ம பிள்ளைகளே, மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் மண்டபத்திலேயே இருக்கு.