மைக் ஒன்று, ஸ்பீக்கர் இன்னொன்று

பிரவுசரிலேயே ஓடும் இசை வகுப்புச் செயலி ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். ஆசிரியர்கள் பெரும்பாலும் சென்னையில், மாணவர்கள் பல நாடுகளில். கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் பயனரே தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வேலைப்பட்டியலில் அது 'மூன்று டிராப்டவுன்' (அழுத்தினால் விரியும் தேர்வுப் பட்டியல்) என்று ஒரே வரியாக இருந்தது.

கருவிகளின் பட்டியலைப் பிரவுசரிடம் கேட்டு வாங்குவது எளிது. ஆனால் பயனர் அனுமதி கொடுக்கும்வரை பெயர்கள் வெறுமையாகவே வரும். அது சரியான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் கணினியில் என்னென்ன செருகியிருக்கிறது என்பதை வைத்தே அவரை இணையமெங்கும் பின்தொடர முடியும். அதனால் முதலில் அனுமதி, பிறகு பட்டியல். கருவிக்குப் பிரவுசர் தரும் அடையாளக் குறியீடும் ஒவ்வொரு தளத்துக்கும் வேறு. தளங்கள் பிரவுசரில் சேமித்துவைக்கும் குக்கீகளை அழித்தால் அது மாறிவிடும். போன வாரம் சேமித்த தேர்வு இன்று கிடைக்காமல் போகலாம். அப்போது வேறு மைக்குக்கு மாறுவதில் தவறில்லை, ஆனால் மாறியதைத் திரையில் சொல்லியாக வேண்டும்.

கேமராவில் அதிகச் சிக்கல் இல்லை. சில ஆண்ட்ராய்டு போன்களில் முன் கேமராவை நிறுத்திய பிறகே பின் கேமரா திறக்கும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் தனிக் கதை. ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் 'செட்சிங்க்ஐடி' என்ற நிரல் கட்டளை குரோமில் 2016-லேயே வந்துவிட்டது. பயர்பாக்ஸில் 2023-இல்தான் வந்தது. நாங்கள் இந்த வேலையைச் செய்தபோது ஐபோனில் அது இல்லை. வசதி இல்லாத இடத்தில் அந்தப் பட்டியலையே காட்டாமல் விட்டோம். அழுத்தியும் ஒன்றும் நடக்காத பட்டியல், பட்டியல் இல்லாததைவிட மோசம்.

சிலர் மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒரே தேர்வாக்கிவிடலாம் என்றார்கள். ஹெட்செட் ஒன்றுதானே என்பது வாதம். அது ஏன் கூடாது என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு வீணை ஆசிரியை. "தம்பி, நான் பாட்டு கேக்குறப்போ இந்த ஹெட்போன் அருமையா இருக்கு. வகுப்பு ஆரம்பிச்சா பொண்ணு வாசிக்கிறது பழைய டெலிபோன்ல கேக்கிற மாதிரி ஆயிடுது. கமகமே காதுல விழல" என்றார். கமகம் என்பது சுரத்தை அசைத்து வாசிக்கும் நுணுக்கம். ஹெட்போனில் பழுதில்லை. புளூடூத்தில் பாட்டு மட்டும் கேட்கும்போது ஒலி ஒரு வழியில், நல்ல தரத்தில் வருகிறது. அதே ஹெட்போனின் மைக்கையும் திறந்துவிட்டால் இணைப்பு அழைப்புகளுக்கான முறைக்கு மாறுகிறது. பல ஹெட்போன்களில் ஒலியின் மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளந்தெடுக்கப்படுகிறது என்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கி, இரண்டு காதுக்கும் ஒன்றாகிவிடுகிறது. மைக்குக்கு லேப்டாப்பில் உள்ளதையும், கேட்க ஹெட்போனையும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கமகம் திரும்பி வந்தது. பட்டியல்கள் பிரிந்தே இருக்க வேண்டும் என்பதற்கு அதற்குமேல் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

தம்புராவும் ஒரு பாடம். மாறாமல் நீளும் ஒலியைப் பிரவுசரின் இரைச்சல் நீக்கி மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடுகிறது. மாணவருக்குச் சுருதியே போய்ச் சேராது. அதனால் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு, எதிரொலி நீக்கம் மூன்றையும் அணைக்கும் 'இசை' நிலை ஒன்றைச் சேர்த்தோம். ஆனால் எதிரொலி நீக்கத்தை அணைப்பது காதில் ஹெட்போன் இருந்தால்தான் சரிப்படும். ஸ்பீக்கரில் கேட்டால் மாணவர் வாசிப்பது மைக்கில் புகுந்து அவருக்கே திரும்பிப் போகும். ஒரு கருவி ஹெட்போனா ஸ்பீக்கரா என்று பிரவுசர் உறுதியாகச் சொல்வதில்லை, பெயரை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஆகவே "ஹெட்போன் அணிந்திருக்கிறேன்" என்று ஒரு பெட்டி வைத்துப் பயனரிடமே கேட்டோம். அந்தப் பெட்டிக்குக் கீழே, பேசினால் அசையும் ஒலியளவுக் கோடும் சோதனை ஒலியாகத் தம்புராவும் வைத்தோம்.

மிச்சமிருந்தது, நடு வகுப்பில் ஹெட்போன் கழன்றுகொள்வது. கருவிகள் மாறினால் பிரவுசர் அறிவிப்புத் தரும். ஹெட்போன் பட்டியலில் இல்லை என்று தெரிந்ததும் எதிரொலி நீக்கத்துடன் மைக்கைப் புதிதாகத் திறந்து, அழைப்பைத் துண்டிக்காமல் பழைய ஒலித்தடத்தின் இடத்தில் அதை மாற்றிவைக்கிறோம். தம்புரா சற்று மங்கும், வகுப்பு நிற்காது.