சொந்தமாகக் கட்டும் விமானம்: ரிவெட்டிலிருந்து ட்ரிம் வரை

ஜனவரி 12, ஞாயிறு

வலது இறக்கையின் அடித்தகட்டை இன்று மூடிவிட்டோம். ரிவெட் (தகடுகளை இணைக்க அடிக்கும் உலோக ஆணி) வேலையில் இதைவிடக் கடினமான கட்டம் கிடையாது. மேல்தகடு ஏற்கெனவே மூடியிருப்பதால் உள்ளே பார்க்க வழியில்லை. ரிப்பில் (இறக்கைக்குள் நிற்கும் விலா போன்ற சட்டம்) இருக்கும் துளை வழியே தோள்வரை கையை விட்டு, இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் (உள்ளே நீளும் முனை) சாயாமல் வைத்துப் பிடிக்க வேண்டும். வெளியே ரிவெட் கன்னோடு நண்பன். "ரெடியாடா?" "ம், அடி." பிறகு ஒரு குட்டிச் சடசடப்பு. வால் சரியாகப் படிந்ததும் அந்தச் சத்தம் சட்டென்று இறுகிவிடும். அதைக் காதால் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படிந்த வாலின் அகலம் ரிவெட் தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. இதுதான் கணக்கு. தகட்டில் பெரும்பாலும் 3/32 அங்குல ரிவெட் என்பதால் அளவுகோலை விரல் நுனியால் தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சில வால்கள் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். ரிவெட்டைத் துளைத்து எடுக்கும்போது துளை முட்டை வடிவமானால் அதில் உட்காரும் புது ரிவெட் பழையதைவிட மோசமாகத்தான் இருக்கும். பார்க்க அழகாக இல்லை என்பதற்காக மட்டும் ஒரு ரிவெட்டைப் பிடுங்கக் கூடாது.

ஜனவரி 25, சனி

எடை போடும் நாள். மூன்று சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு. காக்பிட் விளிம்பில் ரசமட்டம் வைத்து, விமானம் பறக்கும் நிலையிலேயே நிமிர்த்தி நிறுத்தினோம். ஹேங்கர் கதவை அடைத்து, மின்விசிறியையும் அணைத்தாயிற்று. லேசான காற்று இறக்கைமேல் போனாலும் தராசின் எண் நடனமாடும். தூக்குவதற்கென்றே செய்த பொருள் அல்லவா!

வெற்று எடை 486 கிலோ. ஒவ்வொரு சக்கர எடையையும் மூக்கிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு எண்ணோடு நிறுத்திக்கொள்ள முடியாது. இந்த வடிவமைப்பில் பெட்ரோல் டேங்குகள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால், இறக்கையின் முன்விளிம்பில் இருக்கின்றன. எரிபொருள் தீரத் தீர மையம் பின்னால் நகரும். பின்னிருக்கும் சாமான் அறையை நிரப்பி, டேங்கைக் காலியாக்கி, தரையிறங்கும் நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டேன். மையம் பின்னால் போகக்கூடிய எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. சாமான் அறையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை இந்தக் கணக்கை வைத்தே எழுதி ஒட்டப்போகிறேன்.

பிப்ரவரி 8, சனி

எரிபொருள் ஓட்டச் சோதனை. மூக்கை ஏறுகோணத்துக்கு உயர்த்தி, டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் வைத்து, கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி அளவுக் குடுவையில் விட்டோம். முழு த்ராட்டிலில், அதாவது முழு விசையில், இந்த எஞ்சின் மணிக்குச் சுமார் 55 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பு என்றால் அதன் 125 சதவீதம், அதாவது 69 லிட்டர் வேகம் கிடைத்தாக வேண்டும். (புவியீர்ப்பில் மட்டும் இறங்குவதென்றால் 150 சதவீதம்.) இரண்டு நிமிடத்தில் 2.3 லிட்டர் வந்தாலே போதும். 4 லிட்டரைத் தாண்டியது. கடைசியில் ஓட்டம் அறுந்தபிறகு டேங்கில் தங்கியதையும் அளந்து குறித்துக்கொண்டேன். அந்த மிச்சத்தை இனிக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மார்ச் 1, சனி

பறந்துவிட்டது!

தரையில் அதிகம் ஓட்டிப் பழகவில்லை, வேண்டுமென்றேதான். புது எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு தேய்ந்து படிய நல்ல அழுத்தம் வேண்டும். குறைந்த வேகத்தில் நின்று உறுமினால் சுவர் வழுவழுத்துப்போய், பின்னால் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். அதனால் சோதனைகளை முடித்த கையோடு ஓடுபாதைக்கு. முழு த்ராட்டில், வலது காலில் அழுத்தம், சக்கரச் சத்தம் நின்றது. அந்த அமைதியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. நாங்கள் ஒவ்வொன்றாக அடித்த ரிவெட்டுகள் எல்லாம் என்னைச் சுமந்துகொண்டு மேலே போயின.

ஓடுபாதைக்கு மேலேயே 75 சதவீத சக்தியில் வட்டமடித்தேன். இறங்கியதும் முழங்கால் பலகையிலிருந்து நோட்டில் ஏற்றியவை: இடது இறக்கை கனம், ஸ்டிக்கை (இயக்குப் பிடி) வலப்பக்கம் பிடித்தபடியே இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் மானியின் பந்து அரை அகலம் இடதுபுறம். மூன்றாவது சிலிண்டரின் ஹெட் வெப்பம் 428 டிகிரி ஃபாரன்ஹீட், மற்ற மூன்றும் 390-க்குக் கீழே. வேகமானி நம்பத் தகுந்ததாகத் தோன்றவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவது என்று முடிவு. இரண்டை மாற்றிவிட்டுப் பறந்தால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 9, ஞாயிறு

வெப்பம்தான் முதலில், மற்றதெல்லாம் காத்திருக்கும்.

என் எஞ்சினான லைகமிங் O-320-க்கு ஹெட் வெப்பத்தின் உச்ச வரம்பு 500 டிகிரி. அங்கே போய் உட்காரலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. க்ரூஸில் (சீராகப் பறக்கையில்) 400-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் இலக்கு. முதலில் ஒன்றாம், மூன்றாம் சிலிண்டர்களின் சென்சாரை இடம் மாற்றிப் பறந்தேன். சூடு மூன்றிலேயே நின்றது. ஆக, சென்சார் பொய் சொல்லவில்லை.

அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, கவுலிங்குக்குள் (எஞ்சின் மூடி) ஒரு டார்ச்சைப் போட்டுக் காற்று நுழையும் வாய் வழியாகப் பார்த்தோம். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். காற்றைச் சிலிண்டர்மேல் திருப்பும் பேஃபிள் தகடு கூடும் மூலைகளில் கோடு கோடாக வெளிச்சம். சிலிக்கோன் வைத்து அடைத்தோம். நான்கும் கொஞ்சம் இறங்கின. மூன்றுக்கும் மற்றவற்றுக்கும் இருந்த இடைவெளி மட்டும் அப்படியே.

பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸீ விமானத்தைக் கட்டிப் பறந்த பெரியவர் ஒருவர் பக்கத்து ஹேங்கரில் இருக்கிறார். நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் அறுத்து, கண்ணாடி நாரிழை போர்த்தி, வார்ப்பு அச்சே இல்லாமல் செய்யும் விமானம் அது, எஞ்சின் பின்னால். கவுலிங்குக்குள் காற்றை வழிக்குக் கொண்டுவருவதில் அவருக்குப் பல வருடப் பழக்கம். "தம்பி, அந்தச் சிலிண்டரோட பின்பக்கம் விரலை விட்டுப் பாருங்க," என்றார். விட்டுப் பார்த்தேன். மற்ற பக்கங்களில் விரல் நகம் இறங்கும் அளவுக்குக் குளிர்விக்கும் செதில்கள் ஆழமாக இருக்க, மூன்றின் பின்பக்கத்தில் ஆழமே இல்லை. அதோடு பேஃபிள் தகடும் அங்கே ஒட்டி உட்கார்ந்திருந்தது. மேலிருந்து கீழே காற்று இறங்க வழியே இல்லை! இந்த எஞ்சினில் இரண்டாவது சிலிண்டரின் முன்பக்கமும் அப்படித்தான்; ஆனால் அது எதிர்காற்றில் நிற்பதால் தப்பித்துக்கொள்கிறது.

திருகுக்குப் பின்னால் ஒரு தடித்த வாஷர் வைத்துத் தகட்டைச் சற்றே விலக்கினேன். அவ்வளவுதான். அடுத்த பறத்தலில் மூன்று 393. எண்ணெய்ச் செலவும் குறைந்து நிலைத்துவிட்டது, ரிங் படிந்திருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பந்தையும் இறக்கையையும் எடுத்துக்கொண்டேன். வரிசை முக்கியம்: விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தால் இறக்கை கனமும் அதனாலேயே தோன்றலாம். பந்து இடப்பக்கம் போனால் இடது ரடர் (வாலில் திசை திருப்பும் பலகை) வேண்டும். அதற்கு ரடரின் பின்விளிம்பில் வலப்பக்கமாக ஒரு மெல்லிய மர ஆப்பு, தற்காலிகமாக டேப்பில். நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பந்து நடுவுக்கு வந்தபிறகு நிரந்தரமாக ஒட்டினேன்.

இறக்கை கனம் பாதி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. இரண்டு டேங்கிலும் சம பெட்ரோல். ஃபிளாப் (தரையிறங்கும்போது இறக்கும் இறக்கைப் பலகை) இரண்டும் ஒரே உயரத்தில் படிகின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தாயிற்று. மிஞ்சியது எலரான், விமானத்தைச் சாய்க்க இறக்கையில் அசையும் பலகை. இதன் பின்விளிம்பு தகட்டை மடித்துச் செய்தது. மடிப்பு எவ்வளவு உருண்டையோ அதைப் பொறுத்து எலரான் மிதக்கும் விதம் மாறும். கனமான பக்கத்தைத் தொடக் கூடாது. எதிர்ப்பக்க எலரானின் மடிப்பைத்தான் இறுக்க வேண்டும். விளிம்பு மெலிந்தால் அந்த எலரான் நேராகப் படிய முனைந்து மேலே வரும், இடப்பக்கத்தது கீழே போகும், கனமான இறக்கை எழும்.

இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் விளிம்பை வைத்து, கிளாம்ப்பை மெதுவாகத் திருகினேன். கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரலால் தடவினால் மட்டும் மடிப்பு சற்றுக் கூர்மையானது தெரியும். ஒரு சாண் நீளம் இறுக்குவது, பறப்பது, மறுபடி இறுக்குவது. இதில் அவசரமே ஆகாது. அதிகம் இறுக்கினால் அதைச் சரிசெய்ய மறுபக்கத்தையும் இறுக்க வேண்டிவரும், ஸ்டிக் இரண்டு பக்கமும் கெட்டியாகிவிடும்.

நான் தனியாக இடது இருக்கையில் இருந்தால் விமானம் இடப்பக்கம் சாயத்தான் செய்யும். அதை ஒழிக்க முயலவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது கையை எடுத்தால் நேராகப் போகிறது. அந்த நிலைக்குத்தான் ட்ரிம் செய்தேன்.

ஏப்ரல் 19, சனி

வேகமானி. காற்று அசையாத காலையில் ஒரே உயரம், ஒரே சக்தி, நான்கு திசையிலும் பறந்து ஜிபிஎஸ் வேகங்களின் சராசரியை எடுத்தேன். உயரத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தினால், மானி 4 நாட் கூடுதலாகக் காட்டுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளைக்கு எட்டும் அழுத்தம் நிஜத்தைவிடக் குறைவு என்று பொருள். அப்படியானால் உயரமானியும் சற்றுக் கூடவே காட்டும். துளைக்குப் பின்னால் மெல்லிய டேப் அடுக்கி ஒரு சின்ன மேடு கட்டினேன். காற்று அங்கே தடுக்கி அழுத்தம் உயர்கிறது. இப்போது வித்தியாசம் 1 நாட். தரையிறங்கும் வேகத்தை இதை நம்பித்தான் பிடிக்கிறோம், அதனால் இந்த 3 நாட் பெரிய விஷயம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ப்ரொபெல்லர் பேலன்ஸ். அதிர்வு நொடிக்கு 0.31 அங்குலம் இருந்தது. ஸ்டார்ட்டர் பல்சக்கரத் தட்டில் வாஷர்கள் சேர்த்ததும் 0.05. பேனலில் எண்களைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறது. அதிர்வு குறைந்தால் எக்ஸாஸ்ட் விரிசலும், கம்பி தேய்வதும் குறையும் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

சக்கர உறைகள் அடுத்து. அவை ஓடும் திசைக்கு ஒரு டிகிரி விலகினாலும் பந்து மறுபடி நகரும். ரடர் ஆப்பை அதன்பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.