உனக்குப் பின்னால் வருகிறவன் உன் பொறுப்பு

முதல் நாள் சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்தான் உட்கார்ந்திருந்தோம். பல மாதம் பேசிப் பேசித் திட்டம் போட்டு, லீவு ஒத்துவராமல் இரண்டு தடவை தள்ளிப்போய், கடைசியில் நாலு பைக்கும் மலையேறிய நாள் அது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

காரணம் எளிது. ஏற்றம் ஆரம்பித்ததும் நாங்கள் மூன்று பேர் முறுக்கிக்கொண்டு மேலே போய்விட்டோம். மலையில் அதுவரை வண்டியே ஓட்டாத நண்பன் பின்னால் தனியாக நின்றுவிட்டான். மேலே ஒரு சமதளத்தில் நிறுத்திவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம், பத்து நிமிடம் போயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று, போனில் சிக்னலும் இல்லை. சரி, திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்று வண்டியைத் திருப்பும்போதுதான் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிய கை நடுங்கிக்கொண்டிருந்தது, ஒரு பக்க ஹேண்டில்பார் கிரிப்பில் மண்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியபோது இன்ஜின் நின்றுவிட்டதாம். வளைவின் உள்பக்கம்தான் சரிவு அதிகம், அந்தப் பக்கம் காலை ஊன்றப் போனால் தரை எட்டவில்லை. வண்டி அப்படியே சாய்ந்துவிட்டது. தனியாகத் தூக்கி நிறுத்தி, பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து வந்திருக்கிறான். "நீங்க திரும்பிப் பார்ப்பீங்கன்னு ஒவ்வொரு வளைவுலயும் நினைச்சேன்டா" என்று மட்டும் சொன்னான். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

எங்களில் மூத்தவர் ஒருத்தர் இருக்கிறார், எல்லாருக்கும் அண்ணன், பழைய கார்புரேட்டர் வண்டி ஓட்டுபவர். அன்றைக்கு அவர் வண்டியும் ஒழுங்காக இழுக்கவில்லை. உயரம் போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும், 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான். காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த அளவுக்குக் கிட்டத்தட்ட அதே பெட்ரோலை மேலேயும் கொடுக்கும், காற்று போதாமல் இன்ஜின் திணறும், புகை கறுக்கும். எங்கள் வண்டிகளில் எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், காற்றின் அளவைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், அதனால் திணறல் இல்லை. ஆனால் இல்லாத காற்றை அதுவும் உண்டாக்க முடியாது, ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை. அவர் பேசியது வேறு விஷயம்.

"நாளைக்கு ஒரே ஒரு சட்டம்தான். உனக்குப் பின்னால் வருகிறவன் உன் பொறுப்பு. கண்ணாடியில் அவன் தெரியலையா, வேகத்தைக் குறை. அப்பவும் வரலையா, பாதுகாப்பான இடமா பார்த்து நில்லு. நீ நின்னா உனக்கு முன்னால போறவன் கண்ணாடியில நீ தெரியமாட்ட, அவனும் நிப்பான்."

கேட்க அவ்வளவு சின்ன விஷயமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், முதல் வண்டிக்காரன் கடைசி வண்டியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், யாரும் போன் செய்ய வேண்டாம், யார் எங்கே நின்றாலும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். பாதை பிரிகிற இடத்திலும் இதேதான், பின்னால் வருகிறவன் நம்மைப் பார்க்கும் வரை அங்கிருந்து நகரக் கூடாது. குழுவாகப் போகிறவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரிசையையும் அவரே மாற்றினார். எங்களில் நன்றாக ஓட்டுபவன் முதலில், புது ஆள் அவனுக்கு அடுத்து, மூன்றாவது நான், கடைசியில் அண்ணன். புது ஆளைக் கடைசியில் போட்டால் விட்டதைப் பிடிக்கிறேன் என்று தன் சக்திக்கு மீறி முறுக்குவான், இரண்டாவதாக வைத்தால் முன்னால் போகிறவன் எங்கே பிரேக் பிடிக்கிறான், எந்தக் கோட்டில் திரும்புகிறான் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வான். ராத்திரி கொண்டை ஊசி வளைவு பற்றியும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடு, நடுவில் கிளட்சை முழுசாகப் பிடிக்காதே, த்ராட்டிலைச் சீராக வை, உன் பாதைக்குள்ளேயே கொஞ்சம் அகலமாகத் திரும்பு, பார்வை முன் சக்கரத்தில் வேண்டாம், வெளியே போகப்போகிற பாதையில் இருக்கட்டும். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

மறுநாள் காலை மூடுபனி. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், அதனால் லோ பீமில், சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனோம். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும் என்பது படித்த கணக்கு, வண்டியில் எதிர்க்காற்று வாங்கும்போது அது இன்னும் கூடுதலாகத் தெரியும். விரல்கள் மரத்துப்போனால் பிரேக் லிவரில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போகிறது, நல்ல கையுறை எடுத்துக்கொள்ளுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம்.

பனி விலகியபோது இறக்கம் ஆரம்பித்திருந்தது. ஒரு பக்கம் பாறையில் நீர் கசிந்து வழிகிறது, மறுபக்கம் மரங்களுக்கு நடுவில் நாங்கள் இறங்கப்போகிற பாதை நாலைந்து மடிப்பாகக் கீழே தெரிகிறது. என் கண்ணாடியில் அண்ணனின் ஒற்றை மஞ்சள் விளக்கு வளைவில் மறையும், அடுத்த நேர்ச் சாலையில் திரும்ப வரும். அது வரும்போதெல்லாம் மனசில் ஒரு நிம்மதி. வண்டி ஓட்டுவதில் இப்படி ஒரு சந்தோஷம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஏழெட்டு கிலோமீட்டர் இறங்கியிருப்போம். முன்னால் போன புது ஆள் விடாமல் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான், ஹெட்லைட்டையும் விட்டு விட்டு அடித்தான். முதல் வண்டி உடனே நிற்கவில்லை, ஒரு வளைவு தாண்டி, சாலை அகலமான இடத்தில் போய்த்தான் நின்றது. நான் போய்ச் சேரும்போது நன்றாக ஓட்டுகிறவன் இறங்கி நின்று பின் பிரேக் பெடலை மிதித்துக் காட்டினான். பெடல் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று, பஞ்சை மிதித்த மாதிரி. காற்றில் கருகின நெடி.

"உன் பிரேக் லைட் அணையவே இல்ல மச்சான், கடைசி பத்து வளைவா எரிஞ்சுட்டே இருந்துச்சு. அப்புறம் நாத்தம் வந்துச்சு, அதான் அடிச்சேன்" என்றான் புது ஆள்.

நேரான சாலையில் அத்தனை லாவகமாக ஓட்டுகிறவன், இறக்கத்தில் மூன்றாவது, நாலாவது கியரிலேயே வந்து, பின் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கியிருக்கிறான். இதில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கிலோ என்றால், 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எதிர்க்காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி இன்ஜினுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பிரேக்குக்குப் போகும். கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். நியூட்ரலில் இறங்குவதும், பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவது, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால்தான் பெடலை மிதித்த அழுத்தம், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குப் போகிறது. ஆவி சுருங்கிவிடும், நாம் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதோடு சரி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை அவன் வண்டி வாங்கி நாலு வருஷமாகியும் மாற்றவே இல்லை.

தூறல் விழ ஆரம்பித்தது. பின் டிஸ்க்கில் விழுந்த ஒவ்வொரு துளியும் சுர்ரென்று சத்தம் போட்டுக் காணாமல் போயிற்று. டிஸ்க்கின் விளிம்பில் நீலமும் பழுப்புமாக ஒரு வளையம். சீக்கிரம் ஆறட்டும் என்று நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அவ்வளவு சூட்டில் தண்ணீரைக் கொட்டினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். தானாக ஆற வேண்டும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், சத்தம் நின்றது, பெடலும் மெல்ல மெல்ல இறுகியது.

அந்த முக்கால் மணி நேரம் முழுக்க நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் நாங்கள் விட்டுவிட்டு வந்தவன்தான் இன்றைக்கு இதைப் பார்த்தவன். பழைய வரிசையிலேயே போயிருந்தால் அவன் எங்கேயோ பின்னால் இருந்திருப்பான், பிரேக் லைட்டைப் பார்க்க யாரும் இல்லை. அடுத்த வளைவு வெளிப்பக்கம் தடுப்புச் சுவர் இல்லாத வளைவு, இறங்கும்போது பார்த்தேன்.

மீதி இறக்கத்தில் புது ஆளையே முன்னால் போகச் சொன்னோம். இரண்டாவது கியர், இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கினான், பிரேக் லைட் வளைவுக்கு முன்னால் ஒருமுறை எரிந்து அணைந்தது, அவ்வளவுதான். ஏறி வருகிற வண்டிகளுக்கு நின்று வழிவிட்டோம், ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். யாரும் யாரையும் முந்தவில்லை.

ஊர் திரும்பிய வாரமே பின் பிரேக் ஆயிலை மாற்றினோம், நானும் கூட இருந்தேன். வடிந்து வந்தது துருப்பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தது, மேலே ஊற்றிய புதுசு கண்ணாடி மாதிரி. கையோடு என் வண்டியின் பிரேக் ஆயில் மூடியையும் திறந்து பார்த்தேன். அதுவும் பழுப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கே மாற்றிவிட்டேன்.