பழுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு பச்சை

போர் லாகில், அதாவது துளை போட்டு எடுத்த மண்ணின் விவரத்தை ஆழவாரியாக எழுதும் பட்டியலில், யாரும் படிக்காத கட்டம் ஒன்று உண்டென்றால் அது நிறம்தான். ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர் நேராக எஸ்பிடி எண்ணுக்கு, அதாவது மண்ணுக்குள் குழாயை இறக்க எத்தனை முறை சம்மட்டி விழுந்தது என்ற கணக்குக்குப் போய்விடுவார். கட்டடம் கட்டுபவருக்குப் பாறை எத்தனை மீட்டரில் என்று தெரிந்தால் போதும். முதல் துளைக்கு 'மஞ்சள் கலந்த பழுப்பு' என்று எழுதி, அதையே காப்பி எடுத்து மற்ற துளைகளுக்கும் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். சென்னையில் மண் ஆய்வு அறிக்கை எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம். அதை வைத்துக் குறுக்குவெட்டுப் படம் (நிலத்தைச் செங்குத்தாக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டும் படம்) போடுவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மண்ணின் நிறத்தில் பெரும்பங்கு இரும்பின் கைவேலை. காற்று புகும் இடத்தில் இரும்பு துருவாக இருக்கும். கோதைட் என்றால் மஞ்சள் பழுப்பு, ஹேமடைட் என்றால் சிவப்பு. வருடக்கணக்காகத் தண்ணீரில் ஊறி, ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் அதே இரும்பு கரைந்து நகர்ந்துவிடும். மண் சாம்பலாகும், சில இடங்களில் லேசாக நீலம் பாயும். மட்கிய இலை தழை சேர்ந்தால் கருப்பு. ஆக, நிறத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு காலம் நின்றிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அது மணலா களியா என்பது வேறு கேள்வி.

இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. வங்காள டெல்டாவில், மேற்கு வங்கத்திலும் பங்களாதேஷிலும், குழாய்க் கிணறு இறக்குபவர்கள் மேலே வரும் மணலின் நிறத்தைப் பார்த்தே எந்த ஆழத்தில் நிறுத்தலாம் என்று முடிவு செய்வதுண்டு. சாம்பல் மணலில் இருந்து வரும் தண்ணீரில் ஆர்சனிக் அதிகம் இருக்க வாய்ப்பு, பழுப்பு மணலில் குறைவு. ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருப்பதே அந்த இரும்புத் துருதான். துரு கரைந்தால் அதுவும் தண்ணீரோடு கலந்துவிடும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் சரியும் ஒரு மனை. 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் தோண்டப் போகிறார்கள். மேட்டுப் பக்கத்தில் பிஹெச்-1 (முதல் துளை), சதுப்புப் பக்கத்தில் பிஹெச்-6, நடுவில் நாலு, எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில். மேலே கொட்டிய மண், அதன் கீழே வண்டல் கலந்த களி, பிறகு களிமணல், பிறகு சிதைந்த சார்னகைட் பாறை, கடைசியில் கருங்கல். தென்சென்னையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்.

நிறத்தை எழுத மன்செல் அட்டைப் புத்தகம் கையில் இருந்தது. ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட முறை அது. வண்ணச் சாயல், வெளிச்சம், நிறத்தின் அடர்த்தி என்று மூன்றாகப் பிரித்து, அதே வரிசையில் எழுதுவார்கள். 10 ஒய்ஆர் 5/6 என்றால் மஞ்சள் கலந்த பழுப்பு. 5 பி 5/1 என்றால் நீலம் பாய்ந்த சாம்பல். ரிக் ஆபரேட்டர் அண்ணனுக்கு இந்தப் புத்தகத்தைக் கண்டால் சிரிப்பு. "சந்தனக் கலர்னு எழுதிக்குங்க மேடம்" என்பார். அவர் கண் தப்பாது. ஆனால் அவருடைய சந்தனமும் அடுத்த ரிக்காரருடைய சந்தனமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாதே.

சைட்டில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து மண்ணைப் பார்த்தால் பழுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும், அதனால் வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துளை சரியாமல் இருக்க ஊற்றும் பென்டோனைட் களிக் குழம்பு சாம்பிள் மேல் பூசியிருக்கும். கத்தியால் மேல்தோலைச் சீவிவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். ஈரத்தில் பார்த்ததா காய்ந்த பிறகு பார்த்ததா என்று கட்டாயம் குறிக்க வேண்டும், காய்ந்தால் வெளிச்ச எண் ஒன்றிரண்டு படி ஏறிவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஸ்பிளிட் ஸ்பூனை (மண் எடுக்கும், இரண்டாகப் பிளந்து திறக்கும் குழாயை) திறந்த கையோடு எழுதிவிடுவது. சதுப்புப் பக்கத்துக் கருஞ்சாம்பல் களி காற்றுப் பட்டதும் நிறம் மாறத் தொடங்கிவிடும். அடுத்த நாள் லேபில் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதுகிற நிறம் மண்ணுக்கடியில் இருந்த நிறம் இல்லை.

ஆபீசில் படம் போடும் வேலையை எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி எடுத்துக்கொண்டான். சுறுசுறுப்பான பையன். மன்செல் சாயலை எண்ணாகவும் எழுதலாம் என்று எங்கோ படித்திருக்கிறான். சிவப்பில் தொடங்கி வட்டமாகச் சுற்றி நூறு வரை போகும் அளவு அது. அதில் 10 ஒய்ஆர் இருபது, 5 பி அறுபத்தைந்து. அந்த எண்களை ஆழத்தோடு சேர்த்து மென்பொருளில் ஏற்றி, துளைகளுக்கு நடுவில் உள்ள இடத்தை அதுவே கணித்து நிரப்பட்டும் என்று விட்டுவிட்டான். படம் பார்க்க அம்சமாக வந்திருந்தது. மேலே பழுப்பு, கீழே நீலச் சாம்பல், நடுவில் மனை நீளத்துக்கும் ஒரு பச்சைப் பட்டை.

கிளையன்ட் மீட்டிங்கில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர் கேட்ட முதல் கேள்வியே, "இந்தப் பச்சை மண் என்ன மண்ணுங்க?"

ஆறு துளையில் ஒன்றில்கூடப் பச்சை கிடையாது. இருபதையும் அறுபத்தைந்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாற்பத்திரண்டரை. மன்செல் வட்டத்தில் அது 2.5 ஜி, அப்பட்டமான பச்சை. மென்பொருள் கொடுத்த கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. நல்ல வேளை, அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ ஆர்ஜிபியில் போட்டால் சரியாகிடுமா அக்கா?" என்றான் தம்பி. ஓரளவு ஆகும். ராக்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் துளை நிறத்தை ஏற்றுவதற்கென்றே தனி அட்டவணை உண்டு. நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரப்பி, கடைசியில் சேர்ப்பது வழக்கமான வழி. மன்செல் குறியீட்டை ஆர்ஜிபி ஆக்க, ஆர் மொழியில் ஏக்யூபி என்ற தொகுப்பு இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். நம் பழுப்பு ஏறக்குறைய 150, 115, 60. நம் சாம்பல் ஏறக்குறைய 112, 123, 128. சராசரி 131, 119, 94. பச்சை போய்விட்டது. பதிலுக்கு ஆலிவ் சாயல் அடிக்கும் ஒரு மங்கல் பழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் எந்தத் துளையிலும் இல்லாத நிறம். பார்க்க இயல்பாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால் பச்சையே மேல், அதையாவது ஒருவர் கண்டுபிடித்துக் கேட்டார்.

தம்பியை லேபுக்குக் கூட்டிப் போய் பிஹெச்-3-இன் நடுச் சாம்பிளைக் குறுக்காக வெட்டிக் காட்டினேன். பழுப்பு மண்டலமும் சாம்பல் மண்டலமும் சந்திக்கும் இடம் அது. பாக்கை வெட்டினால் உள்ளே வரியும் திட்டுமாகத் தெரியுமே, அந்த மாதிரி இருந்தது. சாம்பல் களிக்குள் துரு நிறத்தில் கோடுகள், பழைய வேர் போன தடங்களைச் சுற்றி ஆரஞ்சு வளையம், அங்கங்கே மாங்கனீசின் கரும்புள்ளிகள். தண்ணீர் மட்டம் மழைக்கு ஏறிக் கோடைக்கு இறங்கும் உயரம். காற்று புகுந்த இடுக்கில் பழுப்பு, புகாத இடத்தில் சாம்பல். மண்ணிலும் இடைப்பட்ட பகுதி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அங்கே இரண்டு நிறமும் கலப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சராசரி எடுக்கிற எந்தக் கணக்குக்கும் இது பிடிபடாது. சாயலை விட்டுவிட்டு, கண் உணர்வதற்கு ஏற்ப நிறத்தை எண்ணாக்கும் சிஐஇ லேப் (CIE Lab) அளவுக்குப் போனாலும் இதே கதைதான். மண்ணின் இறுக்கம், ஈரப்பதம் மாதிரி நிறம் படிப்படியாக மாறும் என்று முதலிலேயே எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

அதனால் இப்போது எங்கள் முறை வேறு. பட்டியலில் நிறத்துக்கு மூன்று கட்டம்: முதன்மை நிறம், திட்டு நிறம், திட்டு எவ்வளவு பங்கு. அப்புறம் மன்செல் குறியீடுகளைக் குடும்பங்களாகப் பிரித்துவிடுகிறோம். இந்த மனைக்கு நாலு குடும்பம் போதும்: பழுப்பு, திட்டு விழுந்தது, சாம்பல், கருப்பு. துளை நிற்கும் இடத்தில் அகலமான பட்டை போட்டு, கண்ணால் பார்த்த நிறத்தை அப்படியே தீட்டுகிறோம். இரண்டு துளைக்கு நடுவில் குடும்பத்தின் எல்லைக் கோடு மட்டும் போகும், உள்ளே வெளிறிய ஒரே நிறம். கோட்டை மென்பொருளே இழுக்கட்டும் என்றால் சராசரி முறைகளை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள புள்ளியின் வகையை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் எவ்வளவு தூரம் வரை தேடலாம் என்ற வீச்சையும் நீட்டிவிட வேண்டும். துளைக்குள் ஒன்றரை மீட்டருக்கு ஒரு சாம்பிள், துளைக்குத் துளை முப்பது மீட்டர் தூரம். அப்படியே விட்டால் ஒவ்வொரு துளையின் நிறமும் அந்தத் துளையைச் சுற்றியே நின்றுவிடும். எனக்கு இன்னும் கையால் இழுத்த கோட்டின் மேல்தான் நம்பிக்கை, ஆறே துளை உள்ள மனைக்கு அதுவே சீக்கிரம் முடியும். இன்னொன்று, ஆழத்தை வைத்துப் போடாமல் கடல் மட்டத்தில் இருந்து உயரத்தை வைத்துத்தான் போட வேண்டும். ஆழத்தை வைத்தால் மனையின் சரிவு காணாமல் போய்விடும், அதோடு படத்தின் பாதிப் பயனும் போய்விடும்.

இப்படிப் போட்ட படத்தையும் வழக்கமான மண் வகைக் குறுக்குவெட்டையும் ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். மண் வகைப் படத்தில் வண்டல் களி ஒரே அடுக்கு, மனை முழுக்க. நிறப் படத்திலோ அதே அடுக்கை ஒரு கோடு சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. மேட்டுப் பக்கம் ஆறு மீட்டர் ஆழத்தில் தொடங்கும் சாம்பல், பிஹெச்-6-இல் ஒன்றரை மீட்டரிலேயே வந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே நெடுங்காலமாகத் தண்ணீர் நின்றிருக்கிறது. நாங்கள் துளை போட்டது கோடையில். அப்போது அளந்த தண்ணீர் மட்டம் அந்தக் கோட்டை விட நன்றாகவே கீழே இருந்தது. அந்த எண்ணை மட்டும் நம்பி பேஸ்மென்ட் தோண்டினால் ஐப்பசி மழையில் பம்பு போதாது. பிஹெச்-6 பக்கம் இன்னொரு விஷயமும் இருந்தது, கருங்களியில் அழுகிய முட்டை வாடை. சல்ஃபைடு இருக்கலாம். தண்ணீரை இறைத்துக் காற்றுப் பட விட்டால் அது அமிலமாகவும் சல்ஃபேட்டாகவும் மாறும். அதனால் அந்தப் பக்கத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் அமிலத்தன்மை (pH), சல்ஃபேட் சோதனை கூடுதலாகப் போடச் சொன்னோம். எவ்வளவு சல்ஃபேட்டுக்கு எந்த சிமென்ட் என்பதற்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இல் அட்டவணையே இருக்கிறது.

நிறக் கோட்டை இன்றைய தண்ணீர் மட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். போர்வெல் போட்டு உறிஞ்சி நீர்மட்டம் இறங்கிப்போன இடங்களில் பழைய சாம்பல் நிறம் அப்படியே தங்கியிருக்கலாம். சிவந்த மண் சிவந்த பாறையில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். பீசோமீட்டர் (நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளக்கும் குழாய்) வைக்கச் சொல்வதற்கு இந்தப் படம் நல்ல காரணம் தரும், பீசோமீட்டருக்குப் பதிலாக நிற்காது.

கடைசியாகப் பிரின்ட் விஷயம். நாம் கலரில் கொடுக்கிற அறிக்கை நாலு கை மாறி, கருப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் சைட்டுக்குப் போய்ச் சேரும். 10 ஒய்ஆர் 5/6, 5 பி 5/1 இரண்டுக்கும் வெளிச்ச எண் ஐந்துதான். ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல், கோடு இருந்த சுவடே தெரியாது. அதனால் குடும்பத்துக்கு ஓர் எழுத்தும் ஒரு கோட்டு வடிவமும் சேர்த்துக் கொடுக்கிறோம்: ப, தி, சா, க. சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாத கண்ணுக்கும் அது உதவும். தம்பி எழுத்துகளை எட்டுப் பாயிண்டில் வைத்திருந்தான், பன்னிரண்டாக்கச் சொல்லியிருக்கிறேன்.