செய்முறைத் தேர்வில் புருஸ்கெட்டா: வீட்டில் பழகிய விதம்

உணவுத் தயாரிப்புப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் பலர், இத்தாலிய உணவுகளின் பட்டியலில் புருஸ்கெட்டாவைக் கண்டதும், ‘ரொட்டியின் மேல் தக்காளிதானே’ என்று அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒதுக்கினேன். மாதிரித் தேர்வில் எங்கள் ஆசிரியை என் தட்டிலிருந்து ஒரு துண்டை ஓரத்தில் பிடித்துத் தூக்கியபோது அது நடுவில் தொய்ந்து வளைந்தது. மேலிருந்த தக்காளி வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. இருபது நிமிடம் முன்னதாகவே எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டேன் என்று நான் நிம்மதியாக நின்றிருந்த நேரத்தில், தக்காளிச் சாறு முழுவதையும் ரொட்டி குடித்துவிட்டிருந்தது.

அடுத்து வந்த விடுமுறையைக் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் உள்ள அப்பத்தா வீட்டில் கழித்தேன். அங்கே தோசைக்கல்லையும் பால்வடிகட்டியையும் வைத்துக்கொண்டு இதை ஒன்பது முறை செய்து பார்த்தேன். மூன்றாம் முறையும் ரொட்டி நைந்துபோனதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, “ஏன் ஆத்தா, மாங்காய்க்கு உப்புப் போட்டா மறுநாள் சாடியில தண்ணி நிக்குதுல்ல? தக்காளிக்கு மட்டும் நிக்காதா? முதல்ல அதைத் தண்ணி விட வச்சு, வடிச்சுட்டு அப்புறம் ரொட்டியில வையி” என்றார். எனக்கு வேண்டியிருந்த பாடம் முழுவதும் அந்தச் சொல்லில் இருந்தது. உப்பு பட்டதும் தக்காளியின் செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியே வருவதைச் சவ்வூடு பரவல் என்று பள்ளியிலேயே படித்திருந்தும், அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுவர எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே தக்காளியிலிருந்தே தொடங்குங்கள். நம் சந்தையில் கிடைக்கும் நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் மணமும் அதிகம், ஆனால் சாறும் விதையும் அதைவிட அதிகம். பெங்களூர்த் தக்காளிக்குச் சதை கெட்டி, சுவை சற்று மந்தம். நான் மூன்று பெங்களூர்த் தக்காளிக்கு ஒரு நாட்டுத் தக்காளி என்று கலந்துகொள்வேன். காம்புப் பக்கம்வரை சிவந்து, அழுத்தினால் இலேசாக இடம் கொடுக்கும் பழமாக எடுக்க வேண்டும். வாங்கியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் தக்காளியின் மணம் குன்றிவிடும், இந்த உணவிலோ தக்காளியைச் சமைப்பதே இல்லை என்பதால் அந்தக் குறையை மறைக்க வழியும் இல்லை. தோலில் சிலுவைபோல் கீறி, கொதிநீரில் பத்து இருபது விநாடி போட்டு, உடனே குளிர்நீருக்கு மாற்றினால் தோல் உரிந்து வரும். குறுக்கே வெட்டி விதையை வழித்தெடுத்துவிட்டு ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக நறுக்குங்கள். பாடப்புத்தகம் ‘கான்காஸே’ என்று சொல்வது இதைத்தான். நான்கு தக்காளிக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி, வடிகட்டியில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டால் கீழே உள்ள கிண்ணத்தில் சாறு தேங்குவதை நீங்களே பார்க்கலாம். கரண்டியால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் துண்டுகள் கூழாகிவிடும்.

ரொட்டியைப் பொறுத்தவரை, காரைக்குடிப் பேக்கரிகளில் நான் வழக்கமாக வாங்கும் பால் ரொட்டியில் இனிப்பு இருப்பதால் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்து, உள்ளே பஞ்சாகவே நின்றுவிடுகிறது. வெட்டாத முழு ரொட்டியை, இனிப்புக் குறைந்ததாகக் கேட்டு வாங்கி, ஒருநாள் வைத்திருந்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிக்கொண்டால் வேலை நடக்கும். மிதமான தணலில், எண்ணெய் விடாத தோசைக்கல்லில், ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டுங்கள். விரல் நகத்தால் சுரண்டினால் சரசரவென்று ஓசை கேட்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே, குறுக்கே வெட்டிய பூண்டுப் பல்லை மேலே தேயுங்கள். சொரசொரப்பான ரொட்டி துருவியைப்போல வேலை செய்து பூண்டைத் தன்மேல் இழைத்துக்கொள்ளும். இரண்டு இழுப்பு போதும். நம் வீட்டுப் பழக்கத்தில் பூண்டை நசுக்கி அள்ளிப் போட்டால் தக்காளியின் வாசனை எழும்பவே எழும்பாது.

சீஸை எங்கே வைப்பது என்பதுதான் நான் அதிகம் யோசித்த இடம். தண்ணீரில் மிதக்கும் புதிய மொசரெல்லா என்றால், துணியில் ஒற்றி, கையால் பிய்த்துத் தக்காளியோடு மேலே வைக்கலாம். கட்டியாக வரும் மொசரெல்லாவைத் துருவி ரொட்டியின் மேல் நேரடியாகத் தூவி, தோசைக்கல்லை மூடித் தணலைக் குறைத்து ஒரு நிமிடம் வைத்தால் உருகிப் படியும்; அந்தக் கொழுப்புப் படலம் தக்காளியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்தும். தேர்வுக்கு இரண்டாம் முறையையே நான் பரிந்துரைப்பேன். பனீரைக் கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எலுமிச்சை போன்ற புளிப்பால் திரிக்கப்படும் பனீர் சூட்டில் உருகாது. பாலைத் தயிர்க்கட்டியாக்கும் நொதியான ரென்னெட்டால் உறையவைத்து, வெந்நீரில் இழுத்துப் பிசைந்து செய்யப்படும் மொசரெல்லாதான் உருகி இழுபடும். என் வாய்மொழித் தேர்வில் இதுவே முதல் கேள்வியாக வந்தது.

அதே மேசையில் வேறு சிலவும் கேட்டார்கள். பெயரைப் ‘புருஷெட்டா’ என்று சொல்லாதீர்கள். இத்தாலிய எழுத்துமுறையில் அந்த இடம் ‘ஸ்கெ’ என்றே ஒலிக்கும். தணலில் வாட்டுவது என்று பொருள்படும் ‘புருஸ்காரே’ என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. ஆக, வாட்டிய ரொட்டிதான் உணவு, தக்காளி அதன்மேல் வந்து சேர்ந்தது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். டஸ்கனிப் பகுதியில் பூண்டும் புதிய ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்த வடிவத்தை ‘ஃபெத்துந்தா’ என்கிறார்கள். சிறிதாகவும் மெல்லியதாகவும் இருப்பது ‘குரோஸ்தினி’. இவை உணவுக்கு முன் பரிமாறும் ‘அந்திபாஸ்தோ’ வகையில் அடங்கும்.

பேசில் இலை கிடைக்காதபோது பயிற்சிக்குத் திருநீற்றுப்பச்சிலையைப் பறித்துக்கொண்டேன். சப்ஜா விதை தரும் அந்தச் செடியும் பேசிலும் ஒரே இனம்தான். நம்முடையதற்கு மணம் தூக்கலாக இருப்பதால் பாதி அளவு போட்டால் போதும். முன்கூட்டியே நறுக்கினால் வெட்டுவாய் கறுத்துவிடும், ஆகவே கடைசியில் கூர்மையான கத்தியால் ஒரே வீச்சில் அரிய வேண்டும். தேர்வுக்கான இண்டென்ட், அதாவது தேவைப்படும் பொருள்களின் பட்டியல், எழுதும்போது மட்டும் பேசில் என்றே எழுதுங்கள்.

மூன்று மணி நேரத் தேர்வில் என் நேரக் கணக்கு இதுதான்: அடுப்பில் முதல் பாத்திரம் ஏறியதும் தக்காளிக்கு உப்புப் போட்டு வடிகட்டியில் வைத்துவிட்டேன், மற்ற மூன்று உணவுகளையும் முடித்து, தட்டுகளைத் துடைத்து வைத்த பிறகே ரொட்டியைக் கல்லில் போட்டேன். எனக்கு முன்னால் இருந்த மாணவியின் தட்டைப் புறத்தேர்வாளர் சுவைக்கத் தொடங்கியபோது, வடிந்த தக்காளியில் ஆலிவ் எண்ணெயும் பேசிலும் கலந்து, சீஸ் உருகிய ரொட்டியின் மேல் வைத்தேன். அவர் கடித்தபோது மொறுக்கென்ற ஓசை மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் கேட்டது. பிறகு அவர் என் வடிகட்டியின் கீழே இருந்த கிண்ணத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். தக்காளிச் சாறு என்றேன்; அதைக் கொட்டாமல் என்ன செய்யலாம் என்று அடுத்து கேட்டார். வீட்டில் அப்பத்தா அதைப் பருப்புத் தண்ணீரோடு சேர்த்து ரசம் வைத்ததைச் சொன்னேன்.