ஷார்ப்பான புள்ளைங்களுக்கு நோட்ஸ் எடுக்க பழக்கறது எப்படி, என் அனுபவம்

நாலு வருஷமா சாயங்காலம் எட்டாவது புள்ளைங்களுக்கு என்எம்எம்எஸ் கோச்சிங் எடுக்கறேன். தெரியாதவங்களுக்கு, இது மத்திய அரசு ஸ்காலர்ஷிப், செலக்ட் ஆனா ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபா. பரீட்சையில ரெண்டு பேப்பர், மேட் (யோசிக்கற திறன பாக்கறது) 90 கேள்வி, சாட் (பாடத்துலேர்ந்து கேக்கறது) 90 கேள்வி.

இதுல எனக்கு தலைவலி சுமாரா படிக்கிற பசங்க இல்ல, ரொம்ப ஷார்ப்பான பசங்கதான். ஒருத்தன் இருந்தான், எண் தொடர் கணக்க போர்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள ஆன்சர் சொல்லிடுவான், நோட்டு எங்கடான்னா "எல்லாம் மண்டையில இருக்கு சார்"ம்பான். மாடல் டெஸ்ட்ல மேட் 78, ஆனா சாட்ல சோஷியல் மட்டும் 35க்கு 14! கட்டபொம்மன தூக்குல போட்டது 1801, மருது சகோதரர்கள 1799ன்னு மாத்தி அடிச்சிருந்தான். ரெண்டு வருஷமும் மண்டையில இருக்கு, எது யாருக்குன்னுதான் இல்ல.

கோவத்துல நான் ஒரு தப்பு பண்ணேன், பாடம் ஃபுல்லா நோட்ஸ் எழுதிட்டு வாடான்னுட்டேன், அவனும் புக்க அப்படியே காப்பி அடிச்சு கொண்டாந்தான், கேட்டா ஒண்ணும் தெரியல. யோசிச்சா அவன் மேல தப்பில்லங்க, ஏழாவது வரைக்கும் ஒருதடவ காதுல விழுந்தா போதும்னு ஓட்டுனவனுக்கு எழுதறது பனிஷ்மென்ட் மாதிரிதான இருக்கும், மண்டை ஓடற வேகத்துக்கு கையும் ஓடாது.

அப்புறம் தலைகீழா மாத்தினேன். நான் நடத்தும்போது எழுதவே கூடாது. முடிஞ்சதும் புக்க மூடிட்டு அஞ்சு நிமிஷம் ஞாபகம் இருக்கறத நீலத்துல எழுது, அப்புறம் புக்க திறந்து விட்டத மட்டும் சிவப்புல எழுது. திரும்ப படிக்க வேண்டியது அந்த சிவப்பு மட்டும்தான். மொத நாள் அவன் பக்கம் பாதிக்கு மேல சிவப்பு, மூஞ்சி சுருங்கிப்போச்சு, ஆனா அடுத்த வாரம் அவனே "இன்னிக்கி நாலு வரிதான் சார் சிவப்பு"ன்னு காட்டறான்.

வருஷத்த தனியா எழுத விடல, ஒவ்வொரு அம்புக்குறி மேலயும் 'ஏன்?' எழுதணும். அவன் போட்டது இப்படி இருந்துச்சு: 1799 கயத்தாறு, கட்டபொம்மன் தூக்கு, அம்பு, 1801 தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில்லேர்ந்து தப்பிச்சாரு, அம்பு, சிறுவயல்ல மருது இடம் குடுத்தாரு, அம்பு, அதே வருஷம் திருப்பத்தூர்ல மருது சகோதரர்கள் தூக்கு. ஊமைத்துரை மருதுகிட்ட போனதே அண்ணன் கட்டபொம்மன் செத்தப்புறம்தானன்னு ஒருதடவ புரிஞ்சா வருஷம் எப்படி மாறும்? கையெழுத்து கோழி கிளறுனாப்ல இருந்துச்சு, இருக்கட்டும். (பேரண்ட்ஸ், தயவுசெஞ்சு இந்த நோட்டுல அழகு பாக்காதீங்க, கலர் கலரா அடிக்கோடு போட்டுட்டு டெஸ்ட்ல முழிக்கிற புள்ளைங்களையும் பாத்துட்டேன்.)

பக்கத்துல இடதுபுறம் கோடு போட்டு கேள்வி எழுதற கார்னெல் முறையும் ட்ரை பண்ணேன், 1950கள்ல வால்டர் பாக்குங்கறவர் கொண்டுவந்தது. நல்ல முறைதான், ஆனா இந்த வயசுக்கு ஆன்சர கையால மறைச்சுட்டு பக்கத்துல இருக்கறவன கேள்வி கேக்க விட்டாதான் சூடு பிடிக்குது.

கணக்குக்கு நோட்ஸ் வேண்டாம், தப்பு நோட்டு போதும். தப்பான கேள்விக்கு நேரா காரணம் ஒரே வார்த்தை, தெரியல, அவசரம், சரியா படிக்கல. ஒரு மாசம் கழிச்சு எண்ணிப்பாருன்னேன். 23 தப்புல 17 அவசரம், அதுல பாதிக்கு மேல கேள்வியில இருந்த 'அல்லாத'வ கண்ணுல வாங்காதது. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப எனக்கு பாடம் தெரியும்ல சார்?"னான்.

தெரியும்டான்னேன். அன்னிலேர்ந்து 'அல்லாத'வ கண்டா வட்டம் போடுவான்.